காற்று தூக்கிய ஆறு சென்டிமீட்டர்

முப்பத்தொன்று புள்ளி நாற்பத்திரண்டு. என் கையெழுத்துதான். நான்கை இப்படி மேலே மூடாமல், கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி எழுதுகிறவர்கள் இந்தக் கோட்டத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. அதை ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, கூட்ட அறையில் நாற்காலிக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள், கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வைக்கிற மாதிரி. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. பத்தரைக்குக் கூட்டம் என்றார்கள், மணி பத்து ஐம்பது, கோட்டாட்சியர் அம்மா இன்னும் வந்தபாடில்லை, மின்விசிறி தாள்களைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் என் நம்பர் தெரிகிறது. தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்கிற நம்பர். போன வருஷம் இதே நவம்பரில் முப்பத்தொன்று நாற்பத்தெட்டு, இந்த வருஷம் முப்பத்தொன்று நாற்பத்திரண்டு. அதாவது தண்ணீர் ஆறு சென்டிமீட்டர் மேலே வந்திருக்கிறது. அதாவது வேலங்குப்பத்தில் நிலத்தடி நீர் குறையவில்லை. அதாவது முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு, சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாமல் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தத் தண்ணீர் கம்பெனி மேனேஜர் ஊருக்குத் தெற்கே மூன்று ஆழ்குழாய் இறக்கலாம். விதி அப்படி. போன வருஷத்தைவிட இறங்கியிருந்தால் அனுமதி கிடையாது, இறங்காவிட்டால் உண்டு. ஆறு சென்டிமீட்டர் என்றால் என் விரல்களை ஒட்டி வைத்தால் மூன்றரை விரல். அந்த மூன்றரை விரலை வைத்துக்கொண்டு ஓர் ஊரை உறிஞ்சப் போகிறார்கள். குடிப்பதற்கு அந்த ஊருக்கு இருப்பது ஒரே ஒரு போர்க் குழாய். பொய் எழுதியிருந்தால்கூட இப்போது இவ்வளவு எரியாது, பொய்யைப் பொய் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் எழுதியது உண்மை. அன்றைக்கு அந்த நேரத்தில் தண்ணீர் அங்கேதான் நின்றது. ஏறிய தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். காற்று தூக்கிவிட்ட தண்ணீர். இதை எந்த வாயால் எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நவம்பர் இருபத்தாறு. புயல் கடலில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் வருவதா அந்தப் பக்கம் போவதா என்று பிகு பண்ணிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டாகிவிட்டது, எங்கள் ஆபீசுக்கு மட்டும் லீவு இல்லை, மாசக் கடைசிக்குள் அளவு போய்ச் சேர வேண்டும், புயலாவது மயிராவது. ஷேர் ஆட்டோவில் போய் இறங்கும்போது மணி நாலு. வானம் மஞ்சள் கரைத்துவிட்ட தண்ணீர் நிறத்தில் இருந்தது. முந்திரி இலை ஒன்றுகூட அசையவில்லை. மலையேறுகிற பஸ்சில் அடைத்துக்கொள்வதுபோல இரண்டு காதும் அடைத்துக்கொண்டிருந்தது, எச்சில் விழுங்கினால் திறக்கும், உடனே மறுபடி அடைக்கும். காது சொன்னது, நான்தான் கேட்கவில்லை. பால்வாடிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் அளவுக் கிணறு, கிணறு என்று பெயர்தான், பூட்டுப் போட்ட ஓர் இரும்புக் குழாய். பூட்டைத் திறந்து, இரும்பு டேப்பின் அடி மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து, நுனியில் எடைக்குண்டைக் கட்டி இறக்கினேன். இறக்கும்போது விரலில் டேப்பின் எடை கூடிக்கொண்டே வரும். தண்ணீரைத் தொட்டதும் கையில் ஒரு சின்னத் தளர்வு. பதினேழு வருஷமாக அந்தத் தளர்வு வருஷா வருஷம் தள்ளித் தள்ளித்தான் வந்திருக்கிறது, அன்றைக்கு நான் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டது. மேலே சுருட்டி, சாக்பீஸ் நனைந்த இடத்தைப் பார்த்தேன். நம்பாமல் மறுபடி இறக்கினேன். மூன்று தடவை. அதற்குள் பொம்பளைகள் கூடிவிட்டார்கள், நடுவில் காசாம்பு அக்கா, ஊராட்சித் தலைவி, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு. "என்னா டேப்புக்காரம்மா, இந்த வாட்டி எவ்ளோ எறங்கியிருக்கு?" அவள் எப்போதும் கேட்கிற கேள்வி. இறங்கியிருக்கிறதா என்று கேட்க மாட்டாள், எவ்வளவு என்றுதான் கேட்பாள். பதினேழு வருஷமாக நானும் அந்த ஊருக்கு இழவுச் சேதி சொல்கிறவளாகத்தான் போய் வந்திருக்கிறேன், முப்பது சென்டிமீட்டர் அக்கா, அரை மீட்டர் அக்கா என்று. அன்றைக்கு முதல் தடவையாக என் வாயில் வேறு பதில் இருந்தது. "எறங்கலக்கா. ஏறியிருக்கு!" சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. குலவை போட்டார்கள். மழையே இல்லாமல் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றால் ஆத்தா கொடுத்ததுதான் என்றார்கள். ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து அரசாங்கத்து இரும்புக் குழாய்க்குப் பூசினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஒரு மூடியை என் கையில் கொடுத்தாள் காசாம்பு அக்கா, நானும் தின்றேன், இனிப்பாகத்தான் இருந்தது. புயல் அன்று ராத்திரியே வடக்கே திரும்பி ஆந்திராவுக்குப் போய்விட்டது. வேலங்குப்பத்தில் ஒரு சொட்டு விழவில்லை. இரண்டு நாள் கழித்து இந்த மேனேஜர் இனிப்புப் பெட்டிகளோடு போய் இறங்கினான், "எங்கள் ஊரில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கிறது, இதனால் மகிழ்ச்சி அடைகிறோம்" என்று எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினான். அதில் என்ன தப்பு இருக்கிறது? ஆத்தா கொடுத்ததை இல்லை என்று எவள் சொல்வாள்? நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் கம்பெனிக்கு எதிராகக் கையெழுத்து வாங்குவார்கள். இந்த ஜனங்கள் சாமிக்கு நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தங்கள் போரைத் தாங்களே தூர்த்துக்கொண்டார்கள். அந்தக் காகிதமும் என் நம்பருக்குக் கீழே பின் அடிக்கப்பட்டிருக்கிறது.

தெரியாமல் செய்திருந்தால் போகட்டும். எனக்குத் தெரியும், வயிற்றெரிச்சலே அதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்தேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே குழாயைக் காலை பத்து மணிக்கு அளந்தால் ஓர் அளவு, நாலு மணிக்கு அளந்தால் ஒரு விரல் மேலே. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன், கண்ணாடி மாற்றினேன், அப்புறம் டேப்பைச் சந்தேகப்பட்டேன். புயல் வருகிற நாட்களில் ஒரு விரல் நாலு விரல் ஆனது. தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். குணாளன் சாரிடம் காட்டினேன். நிலவியலாளர், அப்போதுதான் காலேஜ் முடித்து வந்திருந்தார், நோட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, கவர் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் படம் போட்டார். கீழே தண்ணீர் களிமண் மூடிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கிறது. காற்றுக்கு எடை உண்டு. அந்த எடை தரையையும் அழுத்துகிறது, குழாய்க்குள் நிற்கிற தண்ணீரையும் அழுத்துகிறது. தரையில் விழுகிற எடையை மண்ணும் பாறையும் பங்கு போட்டுத் தாங்கிக்கொள்ளும், குழாய்க்குள் தாங்குவதற்கு ஆள் கிடையாது. புயல் நெருங்கினால் காற்றின் எடை குறையும், உடனே குழாய்த் தண்ணீர் தலைச்சுமை இறக்கியவள் நிமிர்கிற மாதிரி நிமிரும். வானம் வெளுத்தால் மறுபடி அமுங்கிவிடும். "ஒரு சொட்டுகூடத் தண்ணி கூடல பூங்காவனம், கூடுன மாதிரி காட்டும். எவ்ளோ அழகு பாருங்க!" என்றார். அழகாம். அந்த அழகைச் சொன்ன வாய் இதோ எனக்கு நான்கு நாற்காலி தள்ளி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கொழுக்கட்டை அடைத்த மாதிரி. நேற்று முன்தினம் என் சொந்தக் கைச்செலவில் பஸ் ஏறிப்போய் மறுபடி அளந்தேன், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, முப்பத்தொன்று ஐம்பத்து மூன்று. பதினொரு சென்டிமீட்டர் கீழே. போன வருஷத்தைவிடவும் ஐந்து கீழே. ஓடிவந்து இவரிடம்தான் சொன்னேன். "யார் சொல்லிப் போனீங்க?" என்றார். "யாரும் சொல்லல சார், நானேதான்." "ஆர்டர் இல்லாம அளந்தா அது அளவா? அன்னைக்கு எழுதுனீங்களே, அதுல குறிப்புக் கட்டத்துல என்ன போட்டீங்க?" "இல்லைன்னு போட்டன் சார்." "அப்ப இல்லதான். விடுங்க." அந்தக் கட்டத்தில் எங்கள் ஆபீசில் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவோம். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினால் விளக்கம் கேட்டு ஃபைல் திரும்பி வரும், விளக்கம் எழுதினால் விளக்கத்துக்கு விளக்கம். எனவே இல்லை. மழை பெய்தாலும் இல்லை, பக்கத்து மோட்டார் ஓடினாலும் இல்லை, குழாய்க்குள் பாம்பு செத்துக் கிடந்தாலும் இல்லை. பதினேழு வருஷத்தில் ஆயிரம் இல்லையாவது எழுதியிருப்பேன். பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று எனக்கே நான் காது குத்திக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் அன்றைக்குப் பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்தபோது புயல் என்கிற வார்த்தை என் நினைவில் வந்தது. வந்தது. தேங்காய்ப் பால் இன்னும் பல்லில் இருந்தது, குலவைச் சத்தம் அடைத்த காதுக்குள் இருந்தது, ஒரு தடவையாவது அந்த ஊரில் தண்ணீர் ஏறியிருக்கட்டுமே என்று இருந்தது எனக்கு. அதனால் இல்லை என்று எழுதினேன்.

சின்னப்பேட்டையிலும் நான்தான் அளந்தேன். அங்கே வந்தது வேறு கம்பெனி, இதே மாதிரி மடிப்புக் கலையாத சட்டை. இருபத்திரண்டு என்று எழுதினேன், அடுத்த வருஷம் இருபத்தேழு, அதற்கடுத்த வருஷம் முப்பத்தைந்து, ஒவ்வொரு தடவையும் குறிப்பு இல்லை. கடைசி வருஷம் டேப்பை இறக்கிக்கொண்டே போனேன், கையில் அந்தத் தளர்வு வரவில்லை, குண்டு போய் அடிமண்ணில் டொக்கென்று உட்கார்ந்தது, மேலே எடுத்தால் சாக்பீஸ் நனையாமல் வெள்ளை வெளேரென்று வருகிறது. வறண்டது என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அளந்து அளந்து எழுதிக்கினு போனீங்களே, யார்கிட்டதாம்மா குடுத்தீங்க?" என்று கேட்டாள். திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இப்போது அந்த ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். எழுந்து பேசினால் இன்னும் தற்காலிகத்திலேயே இருக்கிற என்னை நாளைக்கே வர வேண்டாம் என்று சொல்ல ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அளந்த அளவையே தப்பு என்கிறாள், இவள் அளந்த மற்ற அளவெல்லாம் என்ன லட்சணம் என்பார்கள். மேசைமேல் கம்பெனிக்காரன் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கி வைத்திருக்கிறான். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அதைத் தொடக்கூடாது.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காசாம்பு அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். புதுப்புடவை, கஞ்சி வாசனை போகவில்லை. என் தொடையைத் தட்டி, "என்னாடி பூங்காவனம், மூஞ்சிய உர்ருனு வச்சிக்கினு" என்கிறாள். ஊருக்கு வெளியே பார்த்துக்கொண்டால் நான் டேப்புக்காரம்மா இல்லை, பூங்காவனம். "நாப்பது பேர வேலைக்கு எடுக்கறானாம். எங்க சின்னவனுக்குக்கூட சொல்லி வச்சிருக்கன்" என்கிறாள். நான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, தண்ணி ஏறலக்கா" என்றேன். "நீதானடி சொன்ன?" "சொன்னன். அது புயலுக்குக் காத்து தூக்குனது. முந்தாநாளு வந்து அளந்தன், எறங்கிப் போச்சி. போன வருசத்தவிடக் கம்மி." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "காத்து தண்ணியத் தூக்குமா? மாட்டுக்காரன் கயித்தப் புடிச்சித் தூக்குற மாரி? யாருக்குடி காது குத்தற?" என்று சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எறங்கிச்சின்னா எறங்கட்டும், நீ அத இங்க சொல்லாத. ஆத்தா குடுத்தத இல்லன்னு சொன்னா ஊருக்கு ஆவாது" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உன் குடத்துக்காகத்தானே அக்கா நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், நீ என்னடாவென்றால் என் வாயைப் பொத்துகிறாய். உன்னையும் சேர்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே உன்னிடம் ஏறியிருக்கு என்று சொன்னவள் நான்தான் என்பதால் கேட்க முடியவில்லை. நீ என் பேச்சை நம்பினாய், அதற்காக உன்மேல் கோபப்படுகிறேன், என்ன பிறவி நான்.

நாற்காலிகள் கிரீச்சிட எல்லோரும் எழுந்தார்கள், கோட்டாட்சியர் அம்மா வந்துவிட்டார். என் மகள் வயசுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. உட்கார்ந்ததும் ஃபைலைத் திறந்தார், வேலங்குப்பம் முதலில் வந்தது, குணாளன் சார் எழுந்து நின்று என் நம்பரைப் படித்தார். சாமான் பட்டியல் வாசிக்கிற குரல். "உயர்வு ஆறு சென்டிமீட்டர். ஆட்சேபணைக்கு இடமில்லை." இப்போது எழாவிட்டால் இனிமேல் எழவே மாட்டேன் என்று தெரிந்தது, யாரோ தூக்கிவிட்ட மாதிரி எழுந்துவிட்டேன். "அம்மா, அத அளந்தது நான்தான்." எல்லாத் தலையும் திரும்பின. "சொல்லுங்க." "அளவு சரிம்மா. தண்ணிதான் இல்ல." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புயல், காற்றின் எடை, களிமண் மூடி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன், கோர்வையாக வரவில்லை, நேற்று முழுக்க யோசித்து வைத்ததில் ஒரு வரிகூட வரவில்லை, சின்னப்பேட்டை என்றேன், முப்பத்தொன்று ஐம்பத்து மூன்று என்றேன், குரல் கத்தலாகப் போனது. காசாம்பு அக்கா என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். கோட்டாட்சியர் அம்மா பேனாவை வைத்துவிட்டுக் குணாளன் சாரைப் பார்த்தார். "இப்படி ஒண்ணு உண்டா?" அவர் தன் ஷூவைப் பார்த்தார். "புஸ்தகத்துல உண்டு மேடம்" என்றார். புஸ்தகத்தில். போகட்டும், உண்டு என்றாவது சொன்னாரே. "சரி, அப்ப சந்தேகம் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து போய் மறு அளவு எடுத்துடுங்க. அடுத்த வியாழக்கிழமை." மேனேஜர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான், "எங்களுக்கு முழுச் சம்மதம் மேடம்" என்றான், அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு சந்தோஷமாக. எனக்கு உச்சந்தலை சுர்ரென்றது. காலையில் டீக்கடை டிவியில் ஓடியதை அவனும் பார்த்திருக்கிறான். வங்கக்கடலில் புதுசாக ஒரு காற்றழுத்தத் தாழ்வு, புதன் ராத்திரி வலுக்கும், வியாழன் கரையை நெருங்கும். "வியாழக்கிழமை வேணாம்மா." "ஏன்?" "அன்னைக்கு அடுத்த புயலு வருது. தண்ணி மறுபடி ஏறிடும்." அவ்வளவுதான், அறையே வெடித்துவிட்டது. கிளார்க்குகள், கம்பெனிக்காரர்கள், வாசலில் நின்ற டவாலி வரைக்கும் சிரிக்கிறார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே காசாம்பு அக்காவின் குரல், "ஏறுனா நல்லதுதானடி! ஏறட்டுமே!" அதற்கு இன்னொரு சிரிப்பு. பையிலிருந்து டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன், இரும்புச் சத்தத்தில் பாட்டில் ஒன்று உருண்டு விழுந்தது. "இன்னைக்கே போலாம்மா. இப்பவே. வானம் வெளுத்துக் கெடக்குது, இப்ப நிக்கறதுதான் நெசமான தண்ணி. நாப்பது நிமிசத்துல போயிடலாம். நான் தொட மாட்டன், நீங்களே எறக்கிப் பாருங்க." கோட்டாட்சியர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், ஃபைல் கட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். "முதல்ல உக்காருங்கம்மா" என்றார். குணாளன் சார், "உக்காருங்க பூங்காவனம்" என்றார். காசாம்பு அக்கா முந்தானையை இழுத்து, "உக்காருடி" என்றாள். நான் உட்காரவில்லை.